டார்க் ரெஞ்ச் தகராறுகள்: கிளிக் வரலை, சீக்கிரமே வருது, வந்தும் நட்டு லூஸ்

நட்டை நாம் வைத்த முறுக்கு அளவுக்கு இறுக்கியதும் கிளிக் அடித்துச் சொல்லும் கருவிதான் டார்க் ரெஞ்ச். அதை வாங்கிய புதிதில் எல்லாருக்கும் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளிக் வரவில்லை, இல்லை சீக்கிரம் வந்துவிட்டது, கிளிக் வந்தும் நட்டு தளர்ந்தது, கிளிக் வருவதற்குள் மரை போனது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். அதற்கு முன்னால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக் கோளாறுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ரெஞ்ச் அளப்பது நட்டு திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பை. சக்கரத்தை ஹப்போடு (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதி) சேர்த்து அமுக்கிப் பிடிக்கிற விசை எவ்வளவு என்பது அதற்குத் தெரியவே தெரியாது. நீங்கள் போடும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி, நட்டின் முகம் உட்காரும் இடத்தில் உராய்ந்தே போய்விடும், இன்னொரு 40 சதவீதம் மரையில் உரசிப் போகும், மிச்சமிருக்கும் பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்து வீலைப் பிடித்து வைக்கிறது. அதனால் மரையில் துரு இருந்தால் அதே 100 நியூட்டன் மீட்டரில் (முறுக்கை அளக்கும் அலகு) பிடிப்பு குறையும், எண்ணெய் பட்டிருந்தால் அதே 100-ல் பிடிப்பு தாறுமாறாக ஏறும். ரெஞ்ச் இரண்டு தடவையும் ஒரே மாதிரி கிளிக் அடித்துவிட்டுச் சும்மா இருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் வெளியில் நிற்கிற வண்டி என்றால் உப்புக்காற்றுக்கு இந்தத் துரு விவகாரம் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

எவ்வளவு இழுத்தாலும் கிளிக் வரவில்லை

முதல் வேலை, இழுப்பதை நிறுத்துவது. "இன்னும் கொஞ்சம் இழுத்தா வந்துடும்" என்று நினைக்கும் அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் ஸ்டட், அதாவது ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறுகிற போல்ட், முறிகிறது.

நட்டு திரும்பிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கைக்கு இறுக்கம் ஏறவே இல்லை என்றால் கோளாறு ரெஞ்சில் இல்லை. போல்ட் ரப்பர் மாதிரி நீள ஆரம்பித்துவிட்டது, அல்லது மரை உரிந்துகொண்டிருக்கிறது. கழற்றிப் பாருங்கள். மரைக்குள் பளபளவென்று சுருள் சுருளாகத் தகடு வந்தால் மரை போச்சு. ஸ்டட்டின் நடுப்பகுதி மட்டும் மெலிந்து, நட்டு அந்த இடத்தில் கையால் சுற்ற முடியாமல் மாட்டினால் ஸ்டட் நீண்டுவிட்டது, அதை மாற்றித்தான் ஆகவேண்டும்.

இறுக்கம் ஏறுகிறது, பயமாகவும் இருக்கிறது, கிளிக் மட்டும் வரவில்லை என்றால் அளவை வைத்ததில் தப்பு இருக்க நிறைய வாய்ப்பு. முதலில் அலகு. பெரும்பாலான ரெஞ்சில் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டரும் மறு பக்கம் அடி-பவுண்டும் அச்சடித்திருப்பார்கள். ஒரு அடி-பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். மேனுவலில் 108 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும் ஹோண்டா சிட்டி நட்டுக்கு, நீங்கள் அடி-பவுண்டு பக்கத்தைப் பார்த்து 108 வைத்தால் உண்மையில் கேட்பது 146. சரியான எண் அந்தப் பக்கத்தில் 80. பழைய ஜப்பானிய மேனுவல்களில் இன்னொரு தொல்லை, கிலோ-சென்டிமீட்டர் கணக்கு. டொயோட்டா வீல் நட்டுக்கு 1050 என்று பார்த்துத் திகைக்க வேண்டாம், அது 103 நியூட்டன் மீட்டர்தான்.

அடுத்தது கைப்பிடியில் இருக்கும் கோடு. சந்தையில் அதிகம் கிடைக்கும் 28 முதல் 210 வரையிலான அரை இஞ்ச் ரெஞ்சில் தண்டின் மேல் 28, 42, 56, 70, 84, 98, 112 என்று பதினாலு பதினாலாகக் கோடுகள் ஏறும். கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒரு கோடு, அதாவது 14. உங்களுக்கு 103 வேண்டுமென்றால் கைப்பிடியின் விளிம்பு 98 கோட்டில் நின்று, கைப்பிடியில் இருக்கும் பூஜ்யம் தண்டின் நடுக்கோட்டோடு சேர வேண்டும், அங்கிருந்து கைப்பிடி எண் 5 வரை ஏற்ற வேண்டும். விளிம்பு மேல் கோட்டைத் தொடுகிறதா கீழ்க் கோட்டைத் தொடுகிறதா என்று வெளிச்சம் பத்தாத பார்க்கிங்கில் குத்துமதிப்பாகப் பார்த்தால் ஒரு சுற்று தவறிவிடும், 103 என்பது 117 ஆகிவிடும். போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அளவு வைத்ததும் அடியில் இருக்கும் பூட்டுத் திருகை இறுக்குங்கள், இல்லாவிட்டால் கை அழுத்தத்தில் கைப்பிடி தானாக நகரும்.

இன்னொன்று, கிளிக் வந்திருக்கும், நீங்கள்தான் கவனிக்கவில்லை. ரெஞ்சின் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் அளவு வைத்தால் கிளிக் மிக மெல்லியது, அண்ணா சாலை ஹாரனுக்கு நடுவே காதில் விழாது. காதை நம்பாமல் உள்ளங்கையை நம்புங்கள், அந்தச் சின்ன நழுவல் கையில் தெரியும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த ரெஞ்ச் என்றால் உள்ளே இருக்கும் கிரீஸ் ஒரு பக்கம் உறைந்திருக்கும். ஏற்கெனவே இறுகி நிற்கும் ஒரு போல்ட்டில் நடு அளவு வைத்து நாலைந்து முறை கிளிக் அடித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பல மலிவு ரெஞ்சுகள் வலப்பக்கம் இறுக்கும்போது மட்டுமே அளக்கும். தலையில் இருக்கும் ராட்செட் (பல்சக்கரம்) இரண்டு பக்கமும் திரும்புகிறதே என்று இடது மரைக்குப் பயன்படுத்தினால் கிளிக்குக்காகக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தொட்டதுமே கிளிக் அடிக்கிறது

நட்டு ஏற்கெனவே இறுகி இருந்தால் இப்படித்தான் அடிக்கும். பஞ்சர் கடையில் நட்டு முடுக்கும் கன் வைத்து ஏற்றிய நட்டை வீட்டுக்கு வந்து 103-ல் சோதித்து, "நாலும் கிளிக் அடிச்சுது, கரெக்டா இருக்கு" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கிளிக் சொல்வது, நட்டு 103-க்குக் குறையாமல் இருக்கிறது என்பதை மட்டும். 103 ஆகவும் இருக்கலாம், 250 ஆகவும் இருக்கலாம். அரை இஞ்ச் கன்கள் 400, 500 நியூட்டன் மீட்டரெல்லாம் சாதாரணமாகத் தரும். நிஜமாகச் சரிபார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நட்டாக நீள ராடு வைத்துத் தளர்த்தி, மறுபடி ரெஞ்சால் இறுக்க வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது.

கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. "தம்பி, கன்னுல லேசா ஒட்ட வெச்சா போதும், டைட் நான் வெச்சுக்கறேன்" என்றால் "கழண்டுக்கப் போவுது சார்" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பரவாயில்லை, ரெஞ்சை டிக்கியிலிருந்து எடுத்துக் காட்டினால் பெரும்பாலும் அவர்களே ஆர்வமாக வாங்கிப் பார்ப்பார்கள்.

நட்டு இன்னும் வீலைத் தொடவே இல்லை, அதற்குள் கிளிக் வருகிறது என்றால் சங்கதி வேறு. கையால் இரண்டு சுற்று சுகமாகப் போய் அப்புறம் இறுகினால், அது உங்கள் வண்டி நட்டே இல்லை. மாருதி சுசுகி ஸ்டட்டுகள் 12 மில்லிமீட்டர் தடிமனில் 1.25 மில்லிமீட்டர் இடைவெளி மரை, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா அதே 12-ல் 1.5 இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், புதுப்பேட்டையில் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்த நட்டில் இது சகஜம். ரெஞ்சாலோ கன்னாலோ பலவந்தமாக ஏற்றினால் ஏறும், மரையைத் தின்றுகொண்டே ஏறும். எந்த நட்டும் முதலில் கையால், கருவி இல்லாமல், கடைசி வரை சுற்றிப் போக வேண்டும். போகவில்லையென்றால் கம்பி பிரஷ் போட்டு மரையைத் தேயுங்கள், அப்படியும் போகவில்லையென்றால் நட்டையோ ஸ்டட்டையோ மாற்றுங்கள்.

கிளிக் வரைக்கும் இறுக்கின வீல் ஒரு வாரத்தில் லூஸ்

இதுதான் ஆபத்தானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம், வேகம் கூடினால் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். உடனே ஓரமாக நிறுத்துங்கள். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டினால் வீலில் நட்டு உட்காரும் ஓட்டை நீள்வட்டமாகிவிடும், ஸ்டட்டும் களைத்து இன்னொரு நாள் முறியும்.

முதலில் பார்க்க வேண்டியது வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று. வீலைக் கழற்றினால் ஹப் முகத்தில் செதில் செதிலாகத் துரு ஒட்டியிருக்கும், சில சமயம் வீல் பின்பக்கமும் அதே அச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நீங்கள் இறுக்கும்போது நட்டு அந்தத் துருச் செதிலின் மேல் வீலை அழுத்துகிறது, ரெஞ்ச் கிளிக் அடிக்கிறது, நாலு நாள் ஓட்டத்தில் செதில் பொடியாகி உதிர்கிறது, உதிர்ந்த கனத்துக்கு நட்டு தளர்கிறது. கம்பி பிரஷ், எமரி பேப்பர், கந்தல் துணி, பத்து நிமிட வேலை. ஹப் முகம் விரல் வைத்தால் வழுவழுவென்று இருக்க வேண்டும். பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும், புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம்மில் நட்டு உட்காரும் குழிக்குள் பெயின்ட் தடிமனாக இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

அடுத்து நட்டின் உட்காரும் முகம். ஹோண்டாவின் ஒரிஜினல் வீல் நட்டு முகம் உருண்டையானது, வெளியில் வாங்கும் அலாய்கள் பெரும்பாலும் கூம்புக் குழியோடு வரும். ஜி.பி. ரோட்டில் அழகான அலாய் வாங்கி மாட்டிக்கொண்டு பழைய நட்டையே போட்டால், உருண்டை முகம் கூம்புக் குழியில் மெல்லிய வளையம் அளவுக்கு மட்டும் தொடும். கிளிக் நன்றாகவே வரும், பிடிப்பு இருக்காது. அலாய் மாற்றினால் அதற்கேற்ற நட்டும் சேர்த்து வாங்குங்கள், நடு ஓட்டை பெரிதாக இருந்தால் ஹப்புக்கான வளையமும் கேளுங்கள்.

மூன்றாவது, இறுக்கிய முறை. ஒரு நட்டை முழுசாக 103 வரை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் வீல் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும், கடைசி நட்டை இறுக்கும்போது முதல் நட்டு தளர்ந்திருக்கும். வண்டி ஜாக்கியில் தூக்கி இருக்கும்போதே எல்லா நட்டையும் கையாலும், பிறகு சின்ன ராட்செட்டாலும் ஒட்ட வையுங்கள், நாலு நட்டு என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் நட்சத்திரம் போடுகிற வரிசையில். ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொட்டு வீல் சுற்றாமல் நிற்கும் அளவுக்கு வந்ததும் அதே வரிசையில் பாதி அளவுக்கு ஒரு சுற்று, பிறகு முழு அளவுக்கு ஒரு சுற்று. கைப்பிடியின் நடுவைப் பிடித்து நிதானமாக இழுங்கள், வெடுக்கென்று இழுத்தால் கிளிக்கைத் தாண்டிப் போய்விடுவீர்கள். கிளிக் ஒரே ஒரு தடவை போதும். சிலர் இரண்டு மூன்று முறை டக் டக்கென்று அடித்தால்தான் திருப்தி என்பார்கள், ஒவ்வொரு டக்கும் நட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் புது வீலும் புது ஸ்டட்டும் சற்று அமரும். நூறு கிலோமீட்டர் ஓடியதும், வண்டி ஆறியபின், மறுபடி ஒரு முறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். மாமல்லபுரம் போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் வந்துவிடும்.

ஸ்டெப்னி மாற்ற நட்டு கழலவே இல்லை

கிளிக் ரெஞ்சால் கழற்ற முயலாதீர்கள். துருப்பிடித்த நட்டை முதல் அசைவு அசைக்க, இறுக்கியதைவிடப் பல மடங்கு தேவைப்படும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ராட்செட் பல்லும் அந்த அடியை வாங்குவதற்காகச் செய்ததல்ல. இதற்கென்று ஒரு நீள ராடு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். டபிள்யூடி 40 மாதிரி எதையாவது அடித்துக் கழற்றினால், மறுபடி மாட்டுவதற்கு முன் மரையைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மேனுவல் எண்கள் பொதுவாக உலர்ந்த, சுத்தமான மரைக்கானவை. ஸ்டட்டுக்குக் கிரீஸ் தடவுகிற பழக்கம் நம்மூர் ஷெட்டுகளில் உண்டு, நல்லெண்ணத்தில்தான் தடவுகிறார்கள், ஆனால் அதே எண்ணில் இறுக்கினால் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

வண்டியோடு வரும் வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்குகிற வழக்கத்துக்கும் ஒரு கணக்கு: 70 கிலோ ஆள், 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில் நின்றால் 206 நியூட்டன் மீட்டர். டொயோட்டா கேட்பதைப் போல சரியாக இரண்டு மடங்கு. அடுத்த முறை நெடுஞ்சாலையில் தனியாக நின்று கழற்றப் போவது நீங்களோ உங்கள் வீட்டுப் பெண்களோதான்.

டிரெயின் பிளக், ஸ்பார்க் பிளக் மரை போய்விட்டது

இங்கே குற்றவாளி பெரும்பாலும் பெரிய ரெஞ்ச். 210 வரை போகும் ரெஞ்சில் 20-ஐ அளக்கப் பார்ப்பது காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. எந்தக் கிளிக் ரெஞ்சானாலும் அதிகபட்ச அளவில் அடி ஐந்தில் ஒரு பங்கை நம்பாதீர்கள், 210 ரெஞ்சுக்கு அது 42. ஆயில் சம்ப் (என்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) டிரெயின் பிளக் நிறையப் பெட்ரோல் கார்களில் 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள்தான், ஹோண்டா 39 கேட்கிறது. சம்ப் அலுமினியமாக இருந்தால் அதன் மரை எஃகு போல்ட்டுக்கு முன் நிற்காது. எண்ணெய் ஒழுகுகிறதே என்று இன்னும் இன்னும் இறுக்குவதுதான் மரையைக் கொல்கிறது. ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் நசுங்கின வாஷர், பத்து இருபது ரூபாய் சமாச்சாரம், ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதுசு போடுங்கள்.

ஸ்பார்க் பிளக்கில் மரையின் தடிமனைப் பாருங்கள். காஸ்கெட் வாஷர் உள்ள பிளக், அலுமினிய சிலிண்டர் ஹெட் என்றால் 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30, 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். என்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி அதைக்கொண்டு சுற்றி ஏற்றினால், மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். என்ஜிகே பிளக்குகளில் மரைக்கே பூச்சு பூசி வருவதால் மேலே கிரீஸோ ஆன்டி-சீஸோ (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசும் பசை) தடவ வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். தடவினால் அதே எண்ணில் மிகை இறுக்கம்தான். சின்ன ரெஞ்ச் கையில் இல்லையென்றால் கோணக் கணக்கு இருக்கிறது, புது பிளக் கையால் உட்கார்ந்தபின் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று, ஒரு தடவை போட்டு எடுத்த பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்று மட்டும், ஏனென்றால் வாஷர் முன்பே நசுங்கிவிட்டது.

போன மரைக்கு ஹெலிகாயில் (மரைக்குப் பதிலாக உள்ளே செருகும் கம்பிச் சுருள்) போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நல்ல லேத் பட்டறையில் கொடுங்கள், ஹெட் விஷயத்தில் உலோகத் தூள் சிலிண்டருக்குள் விழாமல் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

சாக்கெட் நுழையாத இடம், அடாப்டர் போட்டதும் அளவு தப்புகிறது

நேர் மேலே போகும் நீட்டிப்பு ராடால் அளவு மாறாது, ரெஞ்ச் சாயாமல் பிடித்தால் சரி. ரெஞ்சின் நீளத்தையே கூட்டும் திறந்தவாய் அடாப்டர்தான் மாற்றும். வேண்டிய அளவை ரெஞ்ச் நீளத்தால் பெருக்கி, ரெஞ்ச் நீளமும் அடாப்டர் நீளமும் கூட்டிய தொகையால் வகுங்கள். கைப்பிடி நடுவிலிருந்து சதுர முனை வரை 40 சென்டிமீட்டர், அடாப்டர் 5 சென்டிமீட்டர், வேண்டியது 45 என்றால் ரெஞ்சில் 40 வையுங்கள். அடாப்டரைச் செங்குத்தாகத் திருப்பிப் போட முடிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். கைப்பிடியில் பைப் செருகாதீர்கள்.

மேனுவலில் எண்ணோடு கோணமும் போட்டிருக்கிறது

40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி என்கிற மாதிரி இருந்தால் அது நீட்டி இறுக்கும் போல்ட். ஹெட் போல்ட், கனெக்டிங் ராடு இவற்றில் அதிகம். முதல் எண்ணுக்கு ரெஞ்ச், அதற்கப்புறம் போல்ட் தலையில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வெறும் ராடால் திருப்புங்கள், அறுகோணத் தலையில் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை 60 டிகிரி, ஆக 90 என்பது ஒன்றரை மூலை. முடிந்தபின் ரெஞ்ச் வைத்துச் "சும்மா ஒரு தடவை" சோதிக்க வேண்டாம். பெரும்பாலும் இவை ஒரு முறை போல்ட்டுகள், கழற்றினால் புதுசு. வாசலில் வைத்துச் செய்கிற வேலையும் இதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வீல் மாட்டியபின் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது

நட்டுகள் ஏற்றத்தாழ்வாக இறுகியிருக்கலாம், அல்லது ஹப்புக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் நடுவில் துரு. எல்லாவற்றையும் தளர்த்தி, சுத்தம் செய்து, மேலே சொன்ன வரிசையில் இறுக்கிப் பாருங்கள். மாட்டி ஓரிரு நாளில் வந்த ஆட்டம் என்றால் பெரும்பாலும் அடங்கும். மாதக்கணக்காக இருக்கிற ஆட்டம் என்றால் டிஸ்க்கைத்தான் அளக்க வேண்டும்.

ரெஞ்ச் மேலேயே சந்தேகம்

கீழே விழுந்த ரெஞ்ச், வருஷக்கணக்காக 150-ல் வைத்தபடியே பெட்டியில் கிடந்த ரெஞ்ச், இரவல் போய் வந்த ரெஞ்ச், மூன்றும் சந்தேகத்துக்குரியவை. வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, அதற்குத் தேவை 20 லிட்டர் தண்ணீர் கேன், சென்னையில் அது இல்லாத வீடு கிடையாது.

நிரம்பிய கேனை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், 20.7 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். மேசை உயரத்தில் வைஸ் இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறை வேண்டும். பெரிய போல்ட் ஒன்றை வைஸில் படுக்கை வாட்டில் கடித்துப் பிடிக்க வைத்து, அதன் தலையில் சாக்கெட்டும் ரெஞ்சும் மாட்டி, கைப்பிடி வலப்பக்கமாகத் தரைக்கு இணையாக நிற்கும்படி செய்யுங்கள். சதுர முனையின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடு வரை டேப் வைத்து அளந்து, அங்கே கயிற்றைக் கட்டுங்கள். 40 சென்டிமீட்டர் என்றால் 20.7 பெருக்கல் 9.81 பெருக்கல் 0.4, விடை 81. ரெஞ்சின் சொந்த எடையும் இழுக்கும், ஒன்றரைக் கிலோ ரெஞ்சுக்கு அது 3 நியூட்டன் மீட்டருக்குள், ஆக மொத்தம் ஏறக்குறைய 84. ரெஞ்சை 80-ல் வைத்துக் கேனை இரண்டு கையாலும் தாங்கி மெதுவாக, ரொம்ப மெதுவாக, விடுங்கள். கிளிக் வர வேண்டும். 88-ல் வைத்து அதே மாதிரி விடுங்கள், வரக்கூடாது. கேனைச் சட்டென்று விட்டால் ஆட்டத்தில் கிளிக் வந்துவிடும், அது கணக்கில் சேராது.

இந்த இடைவெளி சும்மா போட்டதில்லை. ஐஎஸ்ஓ 6789 தரப்படி 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் அளக்கும் கிளிக் ரெஞ்சுக்கு நான்கு சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம், 84-ல் அது மூன்றரைக்குள். அதே தரம் சோதனைக்குச் சொல்லும் இடைவெளி 5,000 கிளிக் அல்லது 12 மாதம். வீட்டு உபயோகத்தில் 5,000 கிளிக் எந்தக் காலத்திலும் வராது. கேன் சோதனையில் தேறவில்லை என்றாலோ என்ஜின் வேலை செய்யப் போகிறீர்கள் என்றாலோ கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள அளவீட்டுக் கூடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கட்டணம் கேளுங்கள், மலிவு ரெஞ்ச் என்றால் அந்தக் காசுக்குப் பக்கத்தில் புதுசே வந்துவிடும்.

வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எல்லைக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே இறக்க வேண்டாம், உள்ளே ஸ்பிரிங் விட்டுப்போகும்.

எதை வாங்குவது என்றே தெரியவில்லை

வீல் மட்டும்தான் என்றால் அரை இஞ்ச், 40 முதல் 200 வரை அளக்கும் கிளிக் ரெஞ்ச் ஒன்று போதும். டொயோட்டாவின் 103, ஹோண்டாவின் 108, வோக்ஸ்வாகன் போலோவின் 120 எல்லாம் அதன் நடுவில் வசதியாக உட்காரும், உங்கள் வண்டியின் எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கிறது. ஆயில், பிளக், காலிபர் போல்ட் வேலையும் செய்வீர்கள் என்றால் 3/8 இஞ்சில் 10 முதல் 60 வரை அளக்கும் இரண்டாவது ரெஞ்ச் வாங்குங்கள். ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள்.

டிஜிட்டல் அழகாகத்தான் இருக்கிறது, பேட்டரி வேறு தீர்ந்து தொலைக்கும், வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். "அண்ணே, இதுக்கு டெஸ்ட் சர்டிபிகேட் வருமா?" என்று கேளுங்கள், சீரியல் எண் போட்ட தாள் பெட்டிக்குள்ளேயே இருந்தால் நல்லது, தாளில் இருக்கும் எண்ணும் தண்டில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். பூட்டுத் திருகைத் தளர்த்திக் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகப் போக வேண்டும், நடுவில் கரகரத்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய ரெஞ்ச் வாங்குவதாக இருந்தால் கிளிக் வகை வேண்டாம், முள் வைத்த வளையும் தண்டு வகையைத் தேடுங்கள். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, தண்டு வளைகிறது, முள் அசையாமல் அளவைக் காட்டுகிறது. சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும், நிற்கவில்லையென்றால் முள்ளைக் கையால் மெதுவாக வளைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். எண் தெரிகிற மாதிரி தலையை நேர் மேலே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஒரே தொல்லை, பின் வீலுக்குக் குனிந்து பார்க்க முதுகு ஒத்துழைத்தால் அது பல வருஷம் உழைக்கும்.